மலையில் வேலை செய்யும் அம்மாவின் பிரஷர் ஏன் குறையவில்லை?

கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் 54 வயதுத் தாய்க்கு உயர் குருதி அழுத்தம் இருப்பதாகப் பிரதேச வைத்தியசாலையில் கண்டுபிடித்து, அம்லோடிபின், லொசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைட் என்று ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குளிசைகள் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் மாதாமாதம் கிளினிக்கில் அளக்கும்போது மேல் எண் 160க்குக் கீழே இறங்குவதில்லை. கொழும்பில் வேலை செய்யும் மகன் கேட்கிறார்: அரசாங்க மருந்து தரம் குறைந்ததா, தனியார் வைத்தியரிடம் மாற்ற வேண்டுமா, இத்தனை குளிசைகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடாதா? அப்பாவுக்கும் பார்க்க வேண்டுமா என்றும், அவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வர மறுக்கிறார் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

மலையகத்தில் வெளிநோயாளர் கிளினிக் பார்த்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை நேராகவே சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு எழுதப்பட்ட மூன்று மருந்துகளும் பிழையானவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல் முதல் வரிசையில் வைக்கும் மூன்று வகைகளையும் சேர்ந்தவைதான் அவை. மூன்றும் சேர்ந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால், நான்காவது மருந்தைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் குளிசைகள் அம்மாவின் வேலை நாளுக்குள் எங்கே பொருந்துகின்றன? வைத்தியசாலையில் ‘காலையில் ஒன்று’ என்று உறையில் எழுதிக் கொடுப்பது சுலபம். தோட்டத்துக் காலை எப்படிப்பட்டது என்பதை எழுதுபவரும் அறிவதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை.

முதலில் கிளினிக் நாளையே எடுத்துக்கொள்வோம். அன்றைக்குப் பேர் விழாது, அதாவது வேலை நாளாகப் பதியப்படாது. ஒரு நாள் சம்பளம் போகிறது. முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு எழும்ப வேண்டும். இரத்தப் பரிசோதனை இருக்கக்கூடும் என்று வெறும் வயிற்றோடு புறப்படுகிறார்கள். வெறும் வயிறு என்றால் குளிசையும் போடக்கூடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து மேட்டில் ஏறி வந்து, குளிரில் வரிசையில் நின்று, இலக்கம் கூப்பிட்டதும் விரைந்து போய் உட்கார்ந்தவுடன் கையில் பட்டையைச் சுற்றினால் எண் 165 காட்டுவதில் வியப்பில்லை. நோயாளி ஒழுங்காக மருந்து எடுக்கிறார் என்று நம்பும் வைத்தியர் அளவைக் கூட்டுகிறார், அல்லது இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதும் தலை சுற்றுகிறது. ‘இந்தக் குளிசை எனக்கு ஒத்துவரவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் 165. இந்தச் சுழலைத்தான் நான் அதிகமாகப் பார்க்கிறேன், மருந்தின் தரக்குறைவை அல்ல.

ஆகவே முதல் காரியம் இது: கிளினிக் நாளிலும் பிரஷர் குளிசையை வழமையான நேரத்தில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதற்கு அது தடையில்லை. நீரிழிவுக் குளிசைகளின் கதை வேறு. அவற்றைச் சாப்பிடாமல் போட்டால் சீனி இறங்கிவிடக்கூடும் என்பதால், இரத்தம் எடுத்துச் சாப்பிட்ட பிறகு எடுக்கச் சொல்வார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் இங்கே நடக்கிறது. ஏதாவது காரணத்தால் அன்றைக்குப் போடாமல் வந்திருந்தால், ‘இன்று காலை போடவில்லை’ என்று வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். ஏசுவார்கள் என்ற பயத்தில் மறைப்பதால் வருவது தேவையில்லாத இன்னொரு குளிசைதான்.

இனி வேலை நாள். ஹைட்ரோகுளோரோதயசைட் சிறுநீரோடு உப்பை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. எடுத்த சில மணி நேரத்துக்குச் சிறுநீர் அதிகமாகப் போகும், தொடங்கிய முதல் வாரங்களில் இது கூடுதலாகத் தெரியும். காலை ஆறு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு, மலசலகூடமே இல்லாத தேயிலை மலையில் மத்தியானம் கொழுந்து நிறுக்கும் வரை நிற்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதை எந்தப் பெண்ணும் ஆண் வைத்தியரிடம் தானாகச் சொல்வதில்லை. மொழி தெரியாத இடத்தில் கேட்கவே வேண்டாம். பேசாமல் வேலை நாட்களில் குளிசையை விட்டுவிடுகிறார்கள், அல்லது சிறுநீர் வராதிருக்கத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது இன்னும் மோசமானது. உங்கள் அம்மாவிடம் இதை நீங்கள் கேட்பதைவிட அக்காவோ சின்னம்மாவோ கேட்டால் உண்மை வரும்.

விடை ஆம் என்றால், தீர்வு இருக்கிறது. பிரஷர் மருந்தைக் காலையில் எடுத்தாலும் மாலையில் எடுத்தாலும் மாரடைப்பு, பாரிசவாதம் (பக்கவாதம்) ஆகியவற்றைத் தடுப்பதில் வித்தியாசமில்லை என்பதை, 21,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்து 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே அம்லோடிபினையும் லொசார்டனையும் இரவுச் சாப்பாட்டோடு எடுப்பதற்குத் தடையில்லை. ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற அந்தத் தயசைட்டை மட்டும் படுக்கும் நேரத்துக்குத் தள்ளினால் நடுச்சாமத்தில் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வெளியே இருக்கும் கழிவறைக்கு வழுக்கும் படியில் இறங்க வேண்டியிருக்கும். அது விழுந்து எலும்பு முறியும் வழி. மலையிலிருந்து வீடு திரும்பியதும், பின்னேரம் நான்கு, ஐந்து மணிக்கு எடுப்பது பெரும்பாலானோருக்குச் சரிவருகிறது. அதுவும் சரிவராவிட்டால் ‘இந்த மருந்தை மாற்ற முடியுமா’ என்று கேட்பதற்கு முழு உரிமை உண்டு. மாற்று இருக்கிறது, காரணத்தைச் சொன்னால்தான் மாற்றுவார்கள்.

‘தலையிடித்தால் போடுகிறேன்’ என்பது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய எல்லா லயங்களிலும் கேட்கும் பேச்சு. உயர் குருதி அழுத்தம் பெரும்பாலானவர்களில் எந்த அறிகுறியும் காட்டாது. உலகில் இந்நோய் உள்ள 30 முதல் 79 வயது வரையான ஏறத்தாழ 128 கோடிப் பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது. மேலும், அம்லோடிபின் உடலில் மெதுவாகச் சேர்ந்து வேலை செய்யும் மருந்து. அதன் முழுப் பலன் தெரிய ஒன்று இரண்டு வாரங்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும். தலையிடி வந்த அன்று ஒன்று போட்டால் தலையிடிக்கும் பயனில்லை, பிரஷருக்கும் பயனில்லை. ஒரு வேளை தவறிவிட்டால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. அட்டினலோல் என்ற வேறொரு பிரஷர் மருந்தை எடுப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, நெஞ்சுவலி வரக்கூடும்.

மூன்று குளிசை என்பது நோய் முற்றிவிட்டதற்கு அடையாளம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பதைவிட, வேறு வகை மருந்தொன்றைச் சிறிய அளவில் சேர்ப்பது பல மடங்கு கூடுதலாக அழுத்தத்தைக் குறைக்கும், பக்கவிளைவும் குறைவு. இதற்குச் சான்று வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தலிடோன் ஆகிய மூன்றையும் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கி இலங்கையின் வைத்தியசாலை கிளினிக்குகளிலேயே 700 நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். 2018இல் வெளியான அந்த முடிவின்படி, ஆறு மாதத்தில் மூன்றும் சேர்ந்த குளிசையை எடுத்தவர்களில் 70 வீதமானோர் இலக்கை அடைந்தார்கள், வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 வீதமானோர் மட்டுமே அடைந்தார்கள். ஒரே குளிசை என்பது மறதியையும் குறைக்கிறது. அரசாங்க மருந்தகத்தில் இத்தகைய கூட்டுக் குளிசை எப்போதும் கிடைப்பதில்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை, அது தனிக்கதை.

மருந்தின் தரம் பற்றிக் கேட்டீர்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு கடுமையாக இருந்ததை எல்லோரும் அனுபவித்தோம். அந்தக் காலத்தில் வெளியில் வாங்க எழுதிக் கொடுத்ததை வாங்க முடியாமல் நிறுத்தியவர்கள் பலர். இன்றைக்கும் ஏதாவது ஒன்று இல்லையென்று சொன்னால், அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவிலோ தனியார் மருந்தகத்திலோ அதை மட்டும் வாங்கிக் கொடுங்கள்; மற்ற இரண்டு இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். ஆனால் கிளினிக்கை விட்டுத் தனியாரிடம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வைத்தியர், வெவ்வேறு பெயரில் அதே மருந்து என்று போனால், ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கும் ஆபத்து வருகிறது. அனுப்பும் பணத்தை ஒரு நல்ல அளவுகருவிக்குச் செலவிடலாம்.

கருவி வாங்குவதென்றால் மேற்கையில் பட்டை சுற்றும் தானியங்கிக் கருவியே வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது நம்பத்தக்கதல்ல. பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும்: சிறிய பட்டையைப் பருத்த கையில் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். அளக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் எதன் மேலாவது தாங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரத்துக்குத் தேத்தண்ணியும் வெற்றிலை புகையிலையும் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுத வேண்டும். குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கி எண்ணைக் கூட்டும் என்பதால், மார்கழி, தை மாதப் பனியில் வெளியிலிருந்து வந்தவுடன் அளப்பது வீண். இப்படி ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனால், அந்த அவசர வரிசையில் எடுத்த ஒற்றை எண்ணைவிட வைத்தியருக்கு அது பெரிதும் உதவும். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85க்குக் கீழேயும், கிளினிக்கில் 140/90க்குக் கீழேயும் வர வேண்டும். ஏற்கெனவே இதய நோயோ பாரிசவாதமோ வந்தவர்களுக்கு மேல் எண் 130க்குக் கீழே வருவது நல்லது. மேல் எண்ணைப் பத்துப் புள்ளி குறைத்தாலே பாரிசவாத அபாயம் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது என்பதைப் பெருந்தொகையான ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்திருக்கிறார்கள். ஆகவே 165 என்பது 150 ஆனாலும் அது வீணில்லை.

சிறுநீரகத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, ஆனால் இடம் மாறி நிற்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம். லொசார்டன் அதைக் காக்கும் மருந்து, சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு விசேடமாக. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. நாள் முழுவதும் சரிவில் நின்று, முதுகில் கொழுந்துச் சுமையோடு வேலை செய்யும் பெண்களுக்கு இடுப்பு வலியும் முழங்கால் வலியும் இல்லாமல் இராது. கடைத்தெருவில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரொஃபென் போன்ற வலிக் குளிசைகள் உடலில் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றுகின்றன, பிரஷர் மருந்தின் பலனையும் குறைக்கின்றன. அதற்கும் மேலாக, லொசார்டன், தயசைட், டைக்ளோஃபெனாக் என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்தால், முக்கியமாகத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் நாளில், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். உங்கள் அம்மாவின் சீலைத் தலைப்பு முடிச்சில் அந்த வலிக் குளிசை இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்குப் பரசிட்டமோல் போதுமானவரை அதுவே நல்லது. பூசும் மருந்தும் உண்டு. இவ்வாறே அதிமதுரம் சேர்ந்த கசாயத்தை நாட்கணக்கில் குடிப்பதும் அழுத்தத்தை ஏற்றும். வயிற்றோட்டமோ தொடர்ந்த வாந்தியோ வந்தால், லொசார்டனையும் தயசைட்டையும் அந்த இரண்டொரு நாளைக்கு நிறுத்த வேண்டுமா என்று தோட்ட டிஸ்பென்சரியிலாவது கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறையேனும் கிரியேட்டினின், பொட்டாசியம், சோடியம், சிறுநீர்ப் புரதம், சீனி, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கொப்பியில் அவை கடைசியாக எப்போது எழுதப்பட்டிருக்கின்றன என்று புரட்டினால் தெரிந்துவிடும்.

கணுக்கால் வீங்கினால் அது பெரும்பாலும் அம்லோடிபினால் வருவது. ஆபத்தில்லை, ஆனால் இறப்பர் சப்பாத்துப் போட முடியாமல் போனால் அதைச் சொல்லி அளவைக் குறைக்கலாம். எனலாப்ரில் என்ற பிரஷர் மருந்தை எடுப்பவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். குளிரால் வந்த இருமல் என்று மாதக்கணக்கில் பாணி மருந்து குடித்தவர்களைக் கண்டிருக்கிறேன். குடும்பத்தில் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் யாராவது லொசார்டனோ எனலாப்ரிலோ எடுத்தால், கர்ப்பம் தரிக்கும் எண்ணம் வந்தவுடனேயே வைத்தியரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்ல வேண்டும். அவை சிசுவுக்குத் தீங்கானவை. பக்கத்து வீட்டாருக்குக் குளிசை கடன் கொடுக்கும் லயத்து வழக்கம் இந்த ஒரு விடயத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு அது போதிய காரணம்.

உணவைப் பற்றிப் பேசும்போது, சுவரொட்டிகளில் உள்ள அறிவுரைகள் தோட்டத்துக்குப் பொருந்துவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ‘தினமும் அரை மணி நேரம் நடவுங்கள்’ என்று கொழுந்தெடுப்பவரிடம் சொல்வது கேலியாகிவிடும். ‘எடையைக் குறையுங்கள்’ என்பதும் அப்படித்தான். ஒல்லியாக இருந்தும் பிரஷர் உள்ளவர்கள் இங்கே ஏராளம். குறைந்த எடையோடு பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் குருதி அழுத்தம் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பது அறியப்பட்டது. குறைந்த எடையுள்ள பிறப்புகள் பெருந்தோட்டங்களில் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம் என்பதும் பதிவில் உள்ளது. இங்கே பிடிக்க வேண்டிய ஒன்று உப்புத்தான். ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, இருக்க வேண்டும். கோதுமை மா ரொட்டியில் ஒரு பங்கு, கூடவரும் சம்பலில் ஒரு பங்கு, நெத்தலி, கருவாடு, மாசியில் ஒரு பங்கு, ஊறுகாயில் ஒரு பங்கு என்று மத்தியானத்துக்குள்ளேயே அந்த அளவு முடிந்துவிடுகிறது. விலைவாசி தெரிந்தவன் கருவாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டான். சுடுநீரில் ஊறவைத்து அந்த நீரை ஊற்றிவிட்டு, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமைத்தால் பெரும் பகுதி குறையும். ரொட்டி மாவுக்கு உப்பே தேவையில்லை, சம்பலில் இருக்கிறதே. கரட்டும் கோவாவும் லீக்ஸும் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு மரக்கறியைக் கண்ணால் மட்டும் பார்ப்பது வருத்தத்துக்குரியது. லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி கீரை போட இடமிருந்தால் போடுங்கள். கடைகளில் பொட்டாசியம் கலந்த உப்பு கிடைத்தால், லொசார்டன் எடுக்கும் உங்கள் அம்மாவுக்கு வைத்தியரைக் கேளாமல் அதைக் கொடுக்க வேண்டாம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து 2020இல் வெளிவந்தது. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை. பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குச் சென்று அளந்து, பேசி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வைத்தியர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் அந்தச் சமூகங்களில் மேல் எண் மற்றவற்றைவிடச் சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. தோட்டங்களில் இதைச் செய்யக்கூடியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: டிஸ்பென்சரியில் இருக்கும் தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தரும். ஒரு மாத மருந்தைத் தோட்டத்திலேயே கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்டும் வைத்தியசாலைக்கு வரச் சொன்னால் எத்தனை நாட்களுக்குக் கூடுதலாகப் பேர் விழும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அழுத்தம் கட்டுக்குள் வந்த பின், இரண்டு மாத மருந்தைச் சேர்த்துத் தர முடியுமா என்று நீங்களும் உங்கள் அம்மாவின் கிளினிக்கில் கேட்கலாம். கேட்டவர்களுக்குச் சில இடங்களில் கிடைக்கிறது.

அவசரம் எது, எது இல்லை என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். கருவி 180/110 காட்டுகிறது, ஆனால் அம்மா சாதாரணமாக இருக்கிறார் என்றால், ஓய்வெடுத்து மறுபடி அளந்து, தவறவிட்ட குளிசையைப் போட்டு, அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் போனால் போதும். வேகமாகக் குறைக்கவென்று நிஃபெடிபினை நாக்கின் கீழ் வைப்பதும், இரட்டிப்பு அளவு விழுங்குவதும் மூளைக்குச் செல்லும் இரத்தத்தைத் திடீரெனக் குறைத்துவிடும். மாறாக, எண் எதுவாயினும், வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறுதல், நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத்திணறல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும். அடைபட்ட இரத்தக்குழாயைத் திறக்கும் ஊசி, பாரிசவாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் மட்டுமே பொதுவாகப் பயன்படும். மேட்டுத் தோட்டத்திலிருந்து அந்த வசதியுள்ள வைத்தியசாலைக்குப் போகும் நேரத்தையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; அங்கே கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

உங்கள் அப்பாவின் விடயம். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அழுத்தம், சீனி, எடை ஆகியவற்றைப் பார்க்க 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளோடு நடந்து வருகின்றன. அங்கே வருகிறவர்களில் பெண்களே அதிகம், ஆண்கள் குறைவு. இந்நாட்டில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்நோய் இருக்கும்போது, பீடியும் சாராயமும் பழகிய ஒருவர் தனக்கு இல்லையென்று அளக்காமலே சொல்வதை ஏற்றுக்கொள்ள முடியாது. வைத்தியசாலைக்கு வா என்று வற்புறுத்தினால் வர மாட்டார். நீங்கள் வாங்கி அனுப்பும் கருவியை அம்மாவுக்கு அளந்து எழுதும் பொறுப்பை அவரிடம் கொடுத்து, கருவி சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் அவருடைய கையிலேயே சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாட்கள் எடுத்தும் 135/85க்கு மேல் காட்டினால், அம்மாவின் அடுத்த கிளினிக் நாளில் அவரையும் அந்த நிலையத்துக்கு அழைத்துப் போகலாம்.